ரயில் வராத ஊரில் ரயில் கூரைப் பாட்டு

கோத்தகிரிக்கு ரயில் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊட்டிக்குப் போய்விடும்; எங்கள் பக்கம் திரும்பாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிக் குன்னூருக்குத்தான் போகவேண்டும். ஆனால் அந்த ரயிலை நாடு முழுக்கக் கொண்டுபோன பாட்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் எல்லாருக்கும் மனப்பாடம். 1998இல் வந்த ‘உயிரே’ படத்தின் ‘தையா தையா’. மணிரத்னம் இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை, சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு, ஃபரா கான் நடனம். ஓடுகிற வண்டியின் கூரைமேல் நிஜமாகவே ஆட்களை ஏற்றி எடுத்த பாட்டு அது.

அதை எங்கள் லைன் பெண்களோடு, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ரயிலே இல்லாமல் திரும்பச் செய்தோம். கையில் இருந்தவை இரண்டு செல்போன், நாலு லாரி டியூப், ஒரு பிளைவுட் பலகை, மாட்டுக் கொட்டகையிலிருந்து கழற்றிய தகரம், நிறைய மரக்கிளைகள். இதே மாதிரி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் வேலை நடந்த விதத்தை விவரமாகவே எழுதுகிறேன்.

யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி “லொள்ளு சபா மாதிரியா?” என்பதுதான். லொள்ளு சபா எனக்கு ரொம்பப் பிடித்த நிகழ்ச்சி. அது படத்தைக் கிண்டல் செய்து அதன் அசட்டுத்தனத்தை வெளியே காட்டும். நாங்கள் செய்ய நினைத்தது ஒரு பாட்டுக்குள் குடியேறிப் பார்ப்பது. வீடியோ கலையில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் பியர் ஹ்யூக் 1990களின் நடுவில் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வை பாரிஸ் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பில், தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்களை வைத்துத் திரும்ப எடுத்தார். மகாராஷ்டிரத்து மாலேகாவ்ன் ஊர்க்காரர்கள் ‘ஷோலே’யைத் தங்கள் தெருவிலேயே எடுத்துக்கொண்டார்கள், குதிரை வரவேண்டிய இடத்தில் அங்கே சைக்கிள் வரும். அசலுக்கும் நகலுக்கும் நடுவில் விழும் அந்த இடைவெளியில்தான் ஊர் தெரிகிறது. எங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்த இடைவெளிதான். நீலகிரி எத்தனையோ பாட்டுகளுக்குப் பின்னணியாக நின்றிருக்கிறது. இங்கே கொழுந்து பறிக்கிறவர்கள் அந்தப் பாட்டுகளில் தூரத்தில் புள்ளிகளாக வந்து போவார்கள். இந்த முறை அவர்கள் கூரைமேல் நிற்கட்டும்.

முதலில் பாட்டை ஒலியில்லாமல் பார்த்தோம். சத்தத்தை அணைத்துவிட்டால் காது விலகிக் கண் வேலை செய்யும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நோட்டில் ஒரு வரி: கேமரா கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா, நகர்வது கேமராவா வண்டியா ஆளா, எத்தனை தாளத்துக்கு நிற்கிறது. இப்படி எழுதிக்கொண்டே போனபோது பிடிபட்ட விஷயம், வண்டி வேகமாக ஓடுகிறது என்ற உணர்வை வண்டி தரவில்லை. பின்னால் ஓடும் மரமும் பாறையும்தான் தருகின்றன. மலை ரயிலின் வேகம் உண்மையில் மிகக் குறைவு. பல்சக்கரப் பாதையில் ஏறும்போது மணிக்கு 13 கிலோமீட்டர்தான், சமதளப் பகுதியில் 30 வரை போகும். ஆக, மரத்தை ஓட்டத் தெரிந்தால் ரயில் வேண்டாம்.

ரயில் இருந்திருந்தாலும் கூரையில் ஏறியிருக்க மாட்டோம். கூரைப் பயணம் 1989 ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவுப்படி குற்றம். தண்டவாளப் பக்கம் போய் இதைச் செய்து பார்க்க எந்தப் பிள்ளைக்கும் தோன்றக் கூடாது என்பதற்காகவே மேடையை இரண்டடிக்கு மேல் உயர்த்தவில்லை. போனைத் தரையோடு தரையாக வைத்து மேல்நோக்கிப் பார்த்தால், மேட்டு விளிம்பில் நிற்கிற இரண்டடி மேடைக்குப் பின்னால் வானமும் மஞ்சும் மட்டும் தெரியும். உயரம் தானாக வந்துவிடும்.

இனி மேடை. எட்டுக்கு நாலு பிளைவுட்டின் அடியில் மூன்றுக்கு இரண்டு கட்டையால் சட்டம் அடித்து, அதை நாலு லாரி டியூப் மேல் உட்காரவைத்தோம். ஆசாரி அண்ணன் டியூபைக் கெட்டியாக அடைக்கச் சொன்னார். அப்படி அடைத்தால் மேடை மேலும் கீழும் துள்ளுகிறது. அது ரயில் ஆட்டம் இல்லை. மீட்டர்கேஜ் வண்டி பக்கவாட்டில் அசையும். காற்றைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் வரை இறக்கியதும் அந்தப் பக்கவாட்டு அசைவு வந்தது. மேடையின் இரண்டு மூலைகளில் நீளமான கம்பைக் கொடுத்து இரண்டு பேர் மாறி மாறி நெம்பவேண்டும். சட்டத்தின் கீழே நாலு பக்கமும் செங்கல் அடுக்கி வைத்தோம். மேடை மூன்று அங்குலத்துக்கு மேல் சாயாது. இதைக் கட்டாயம் செய்யுங்கள். மேலே ஆடுகிறவருக்குத் தான் விழமாட்டோம் என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் கை தாராளமாக வீசும்.

ரயில் கூரை வளைவாக இருக்கும். மேடை முழுவதையும் வளைக்கத் தேவையில்லை, கேமரா பார்க்கும் விளிம்பை மட்டும் வளைத்தால் போதும். மூங்கிலைப் பிளந்து வில்லாக வளைத்து ஆணி அடித்து, அதன்மேல் தகரத்தைப் போர்த்தினோம். கால் வைக்கும் இடத்தில் தகரம் கூடவே கூடாது. மஞ்சு இறங்கினால் வழுக்கும். அங்கே கோணிச் சாக்கை இழுத்து அடித்துச் சாம்பல் நிறம் பூசினோம். தகரத்துக்குக் கீழே நீலமும் வெளிர் மஞ்சளும், நம் மலை ரயில் பெட்டியின் நிறம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு என்பதால் அலங்காரம் எல்லாமே துணி, அட்டை, சாக்கு. அது படத்துக்கும் நல்லதாகப் போயிற்று. மங்கலான வெளிச்சத்தில் சாக்கும் துணியும் பளபளக்காது.

பச்சைத் திரை போட்டுக் கணினியில் பின்னணியை மாற்றலாமே என்று தம்பி ஒருவன் கேட்டான். தேயிலைக்கு நடுவில் பச்சைத் திரை வைத்தால் எது திரை, எது தோட்டம் என்று மென்பொருளுக்குப் புரியவைப்பதே பெரும் பாடு; முகத்திலும் துணியிலும் பச்சை நிழல் வேறு ஏறும். அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்ட காரணம் இன்னொன்று. கணினியில் செய்தால் ஒரு ஆள் போதும். கிளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதென்றால் லைன் முழுக்க வரவேண்டும்.

கிளை ஓட்டத்துக்கு ஒரே விதிதான். அருகில் இருப்பது வேகமாகப் போகும், தூரத்தில் இருப்பது மெதுவாகப் போகும். மூன்று பாதை போட்டோம். கேமராவுக்கு முன்னால் மூன்றடி தூரத்தில் ஓடுகிறவர்கள் கையில் கவாத்து செய்து போட்ட தேயிலைக் குச்சிகள். சடாரென்று கருப்புக் கோடாகக் கடந்துபோகும். மேடைக்குப் பின்னால் உடனே உள்ள பாதையில் சீகை, அதாவது வாட்டில் மரத்தின் கிளை; இலை பொடியாக இருப்பதால் புதர் மாதிரி அடர்த்தி கிடைக்கும். அதற்கும் பின்னால் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூக்கலிப்டஸின் நீளக் கிளைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், ஓட வேண்டாம். எல்லாரும் ஒரே திசையில் போகவேண்டும். படச் சட்டத்தைத் தாண்டியதும் குனிந்து கேமராவுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து மறுபடி வரிசையில் நிற்கவேண்டும். எதிர்த்திசையில் ஒரே ஒருவர் திரும்பிவிட்டாலும் ரயில் நின்றுவிடும். கீழே விழுந்து கிடந்த கிளைகளை மட்டுமே எடுத்தோம். சீகையும் கற்பூர மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. இங்கே அவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

இத்தனை செய்தும் ஆட்கள் ஓடும் வேகம் ரயில் வேகத்துக்குப் போதவில்லை. இங்கேதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. படத்தை வேகப்படுத்தினால் ஆடுகிறவர்களும் வேகமாகிவிடுவார்கள். அதனால் அவர்களை முதலிலேயே மெதுவாக ஆடவைக்கவேண்டும். போனில் நொடிக்கு 24 பிரேம் வைத்து எடுத்தோம். எடிட்டிங்கில் அதை 30 பிரேமாக ஓடச்சொன்னோம். 24ஐ 30ஆல் வகுத்தால் 0.8. ஆகவே படப்பிடிப்பில் ஒலிக்கும் தாளத்தை 80 சதவீத வேகத்துக்குக் குறைத்தோம். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ‘சேஞ்ச் டெம்போ’ போய் மைனஸ் 20 கொடுத்தால் சுருதி மாறாமல் தாளம் மட்டும் மெதுவாகும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பின்மேல் வலது கிளிக் செய்து ‘கிளிப் ஆட்ரிபியூட்ஸ்’ உள்ளே பிரேம் வேகத்தை 30 என்று மாற்றினால், எடுத்த ஒவ்வொரு பிரேமும் அப்படியே பயன்படும். நடுவில் எதையும் மென்பொருள் கற்பனை செய்து சேர்க்காது. ஆட்டம் சரியான தாளத்தில் இருக்கும், கிளைகள் மட்டும் கால் மடங்கு கூடுதல் வேகத்தில் பறக்கும். முடியும் முந்தானையும்கூடக் கொஞ்சம் படபடப்பாக அசைவதால் காற்று பலமாக அடிப்பதுபோல ஆகிவிடுகிறது. காற்று இல்லாத நேரங்களில் இரண்டு பேர் முறத்தால் வீசினார்கள்.

தாளத்தை நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்ததற்கும் கணக்கு உண்டு. 30 பிரேமில் ஓடும்போது ஒரு அடிக்குச் சரியாக 18 பிரேம் வரும். எடுக்கும்போது 80 அடி, 24 பிரேம்; அங்கேயும் ஒரு அடிக்கு 18. எடிட்டிங்கில் எங்கே வெட்டுவது என்று காதை நம்பித் தடவ வேண்டியதில்லை, பதினெட்டின் மடங்கில் வெட்டினால் தாளத்தில் விழும்.

இரண்டு எச்சரிக்கை. செல்போன் நொடிக்கு 24 என்று சொன்னாலும் வெளிச்சத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைத்து எடுக்கும். அப்படியே எடிட்டிங்கில் போட்டால் உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் நழுவும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்’ 24 என்று மாற்றிவிட்டுத்தான் ரிசால்வுக்குள் கொண்டுபோகவேண்டும். அடுத்து ஷட்டர். வெயிலில் போன் ஷட்டரை மிக வேகமாக்கிவிடும். அப்போது ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்து, யாரோ கிளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அம்பலமாகும். கைமுறைக் கட்டுப்பாடு உள்ள கேமரா செயலியில் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடி என்று பூட்டிவைத்தால் கிளை இழுபட்டு மங்கும், அந்த மங்கல்தான் வேகம். வெயிலில் அதற்கு வெளிச்சம் அதிகமாகிவிடும் என்பதால் மஞ்சு மூடும் பிற்பகலுக்காகக் காத்திருந்தோம். மற்ற ஊரில் காசு கொடுத்துப் புகை போடுவார்கள், வெள்ளைத் துணி கட்டி ஒளியைப் பரப்புவார்கள். கோத்தகிரியில் மூன்று மணிக்கு மேல் இரண்டும் இலவசம். போனை மட்டும் அறைச் சூட்டிலிருந்து நேராக வெளியே எடுத்துவந்து மறுபடி உள்ளே கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் வியர்த்துவிடும். படப்பிடிப்பு முடியும்வரை அது குளிரிலேயே இருக்கட்டும்.

வளைவில் திரும்பும் முழு ரயில் இல்லாமல் இந்தப் பாட்டு நிறைவாகாது. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை சுமார் 46 கிலோமீட்டரில் 208 வளைவு; எங்களிடம் இருந்ததோ எட்டடிப் பலகை. அட்டையில் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்கு ஐந்து பெட்டிகள் செய்து, கவாத்துப் பரப்பு தட்டையாக இருக்கும் தேயிலைச் செடிகளின்மேல் வளைவாக வரிசைப்படுத்தினோம். கடைசிப் பெட்டி லென்ஸுக்கு ஒரு அடி தூரத்தில், மேடை முப்பதடி தூரத்தில். ஒரு அடியில் ஒரு சாண் பெட்டி தெரியும் அதே அளவுக்கு முப்பதடியில் முப்பது சாண் பெட்டி தெரியும். அப்படிப் பார்த்தால் அதன்மேல் நிற்கும் ஆள் அளவு பொருந்துகிறது. அட்டைப் பெட்டியின் கூரைக்கோடு மேடையின் அடிப்பக்கத்தை மறைத்து, தகர விளிம்போடு ஒரே கோட்டில் சேரும்படி போனை முக்காலியில் மண்மூட்டை வைத்து அழுத்தினோம். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் ஆட்கள் ரயிலைவிட்டு அந்தரத்தில் நிற்பார்கள். போனின் அகலக் கோண லென்ஸில் அருகும் தூரமும் ஒன்றாகத் தெளிவாகத் தெரியும். பெரிய கேமராவில் இது கஷ்டம். இன்ஜின் புகைக்குத் தூபக்காலில் சாம்பிராணி. குகைக்குள் நுழைய ஒரு கருப்புக் கம்பளி, லென்ஸுக்கு முன்னால் ஒரே இழுப்பு. அந்த இருட்டுக்குள் ஒரு ஷாட்டை முடித்து அடுத்ததை ஒட்டிவிடலாம்.

ஹீரோவாக யார் என்று பேச்சு வந்தபோது இள வயதுக்காரர்களைத்தான் எல்லாரும் பார்த்தோம். அறுபதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர் குறுக்கிட்டார். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, சிறு பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் ரயில்.

“ரயில்லதானே தம்பி நான் இந்த மலையடிக்கு வந்து சேர்ந்தேன். கூரையில ஒருத்தர் நிக்கணும்னா நான்தான் நிக்கணும்.”

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சிங்கப்பூர்க் கலைஞர் மிங் வோங் 2009 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் காட்டிய ஒரு படைப்பில், ஹாலிவுட் படத்தின் தாயும் மகளும் சந்திக்கும் காட்சியைச் சீன, மலாய், இந்திய ஆண் நடிகர்கள் மூன்று பேர் மாறி மாறி நடித்தார்கள். வேஷம் ஆளோடு பொருந்தாத இடத்தில் பார்ப்பவர் ஆளைக் கவனிக்கத் தொடங்குவார் என்பது அதில் தெளிவாகத் தெரியும். பெரியம்மா இடுப்பில் படங்குத் துணியும் தலையில் துண்டும் ஸ்வெட்டருமாக, வேலைக்குப் போகிற கோலத்திலேயே கூரையில் ஏறினார். அவர் கையை விரித்து நின்ற ஷாட்டை நான் எங்கேயும் வெட்டவில்லை, 144 பிரேம், எட்டுத் தாள அடி, முழுக்க இருக்கிறது.

ஒலிக்கு அசல் பாட்டை ஒரு நொடிகூட எடுக்கவில்லை. உரிமை அடுத்தவருடையது என்பது ஒன்று. வீடியோ கலைஞர் கான்டிஸ் பிரெய்ட்ஸ் 2005இல் செய்த ‘குவீன்’ இன்னொன்று: மடோனாவின் ரசிகர்கள் 30 பேர் தனித்தனியாக ஒரு ஆல்பம் முழுவதையும் வாத்தியம் இல்லாமல் பாடுவார்கள், முப்பது திரைகளில் ஒரே நேரத்தில். இசையை எடுத்துவிட்ட பிறகு மூச்சும் பிசகும் கேட்கும், ஒவ்வொருவரும் யார் என்று கேட்கும். நாங்கள் மெட்டையும் விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். கொழுந்து வெட்டும் கத்தரியின் ‘சிக் சிக்’, தகரத்தில் கரண்டி, பலகையில் வெறுங்கால், வாயால் ஜிகுஜிகு. சொற்களைப் பெரியம்மாவே கட்டினார்:

“மேட்டுப் பாளையம் ஏறும் வண்டி, மேகம் தொட்டு ஊறும் வண்டி,
கூடை நெறஞ்சா எறங்கும் வண்டி, கூப்பிட்டாலும் நிக்காத வண்டி.”

சுவரில் கம்பளி தொங்கவிட்ட அறையில் போனிலேயே பதிவு செய்தோம். கம்பளி இல்லாவிட்டால் தகரச் சத்தம் அறைக்குள் அலைந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

இனி இரண்டாவது போன். அது ஆரம்பம் முதல் பக்கவாட்டில் தூரத்தில் நின்று மொத்தத்தையும் எடுத்துக்கொண்டே இருந்தது: கம்பை நெம்புகிறவர்கள், கிளையோடு சுற்றிச் சுற்றி ஓடுகிறவர்கள், முறம் வீசுகிறவர்கள், நடுவில் ஆடும் நாலு பேர். ஒவ்வொரு டேக்கிலும் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், இரண்டு படத்தையும் அதில் பொருத்திக்கொள்ளலாம். திரையிடும்போது இடது பக்கம் ரயில் பாட்டு, வலது பக்கம் அது உண்டாகும் இடம், இரண்டும் ஒரே தாளத்தில். வலது படத்தைத் தனியாக ‘உருவான விதம்’ என்று கடைசியில் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஓடுகிறவர்களின் மூச்சிரைப்பு இல்லாமல் இடது பக்கத்து வேகம் கிடையாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது ஒரு படைப்பு.

இரண்டு புரொஜெக்டரை ஒரே நொடியில் தொடங்கவைப்பது தலைவலி. எடிட்டிங்கிலேயே 3840க்கு 1080 என்று அகலமான டைம்லைன் போட்டு இரண்டு படங்களையும் ஒட்டி ஒரே கோப்பாக எடுத்தோம்; ஒரு வாடகை புரொஜெக்டர், ஒரு வெள்ளைச் சுவர். ஒவ்வொரு படமும் பாதியாகச் சுருங்கும், ஆனால் சமுதாயக் கூடத்துச் சுவரில் அது குறையாகத் தெரியவில்லை. மூன்றரை நிமிடப் படம் முடிந்ததும் தானாக மறுபடி ஓடும்படி வைத்தோம். கடைசி ஷாட்டும் முதல் ஷாட்டும் குகை இருட்டு என்பதால் எங்கே முடிந்து எங்கே தொடங்கியது என்று தெரியாது; யார் எப்போது உள்ளே வந்தாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

வந்தவர்கள் முதல் சுற்றில் இடது பக்கத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் கண் வலது பக்கம் போய் அங்கேயே நின்றது, ஒவ்வொருவரும் தங்கள் ஆளைத் தேடினார்கள். “அந்தச் சீகைக் கிளை நம்ம அத்தைதானே?” என்று ஒரு பிள்ளை எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

பெயர்ப் பட்டியலில் மட்டும் கொஞ்சம் விவாதம் நடந்தது. ஆடியவர்கள் முதலில் வரவேண்டும் என்று ஆடியவர்களே சொல்லவில்லை. பெரியம்மா கிளை தூக்கியவர்களை முதலில் போடச் சொன்னார். அப்படியே போட்டோம்: கிளை, கம்பு, முறம், தகரம், தூபக்கால், கம்பளி, அப்புறம் கூரைமேல் நின்றவர்கள், கடைசியில் போன் பிடித்தவர்கள்.